எண்களுக்கு நடுவே ஒரு கோடு

1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினின் குழு பெனிசிலினின் எலக்ட்ரான் அடர்த்தியைக் கண்டறியப் பாடுபட்டது. பீவர்ஸ், லிப்சன் இருவரும் வகுத்த அட்டைப் பட்டைகளில் கொசைன், சைன் மதிப்புகள் அச்சாகியிருக்கும். தேவையானவற்றைப் பெட்டியிலிருந்து உருவி, அடுக்கி, கூட்டினால் கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைக்கும்.

அடுத்து பென்சில் வேலை. ஒரு புள்ளியில் 12, பக்கத்தில் 18 என்றால், 15-க்கான கோடு நடுவில் போகும். இப்படி வரைந்த தளங்களைப் பெர்ஸ்பெக்ஸ் தகடுகளில் ஏற்றி அடுக்கினால், அணுக்கள் மேடுகளாகத் தெரியும்.

அந்த 15 அளந்ததல்ல; ஊகித்தது.

இன்று கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் முப்பரிமாண வரைபடங்களிலும், புள்ளிகளுக்கு நடுவே மதிப்பை ஊகிக்கும்போது இதே சிக்கல் உண்டு. அவற்றில் நுண்விவரங்கள் ஏற்கெனவே மங்கியே கிடைக்கும். எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை 'பி காரணி' என்ற எண்ணால் மதிப்பிட்டு, உயர் அதிர்வெண்களைப் பெருக்கிக் கூர்மையாக்கும் வழியை 2003-இல் ரோசன்தாலும் ஹெண்டர்சனும் விளக்கினர்.

கூர்மையாக்கும் முன் வரைபடத்தை வேறு கட்டத்துக்கு மாற்றினால் வில்லங்கம். அண்டைப் புள்ளிகளைச் சராசரியாக்கும் நேரியல் இடைக்கணிப்பே நுண்விவரத்தைக் கொஞ்சம் மழுக்கிவிடும். அதைச் சோதனையின் மங்கலாகவே கூர்மையாக்கும் நிரல் எண்ணி, பி காரணியை மிகையாகக் கணிக்கும். நெருக்கமான கட்டத்துக்கு மாற்றும்போது தோன்றும் போலி அதிர்வெண்களும் சேர்ந்தே பெருகும்; புரதச் சங்கிலியைச் சுற்றி இல்லாத முண்டுகள் முளைக்கும்.

ஃபூரியே வெளியில், அதாவது வரைபடத்தை அதிர்வெண்களாகப் பிரித்த வடிவில், பூச்சியங்களைச் சேர்த்துக் கட்டத்தை நெருக்கினால் இந்த மழுங்கல் இல்லை. வரைபடத்தைச் சுழற்றவோ நகர்த்தவோ வேண்டுமென்றால், முதலில் மூலக் கட்டத்திலேயே கூர்மையாக்கிவிட்டு, பிறகு மாற்றுவது நல்லது.