நெல்லூர் மாடும் நம் ஞாயிற்றுக்கிழமையும்

தாம்பரத்தில் ஞாயிறு காலை பீஃப் வாங்க நிற்கும்போது ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "கறி இளசா, முத்தலா?" முத்தல் என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காயை நறுக்கிப் போட வேண்டும் என்பது நம் ஆயாக்களின் கைப்பழக்கம். இந்தக் கேள்விக்குத்தான் பல நாட்டு மரபணு ஆய்வுக்கூடங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடுகின்றன.

மாட்டை அறுத்த பிறகு கால்பைன் என்ற நொதி தசைப் புரதங்களை உடைத்துக் கறியை மெதுவாக்குகிறது. கால்பாஸ்டாடின் அதைத் தடுக்கிறது. திமிலுள்ள நாட்டு மாடுகளில் இந்தத் தடுப்பு அதிகம். அதனால் கறி சற்றுக் கெட்டி. பப்பாளிக்காய்ப் பாலும் புரதத்தை உடைப்பதுதான், ஆயாவின் கணக்கு தப்பவில்லை. இந்த மரபணுக்களில் மாட்டுக்கு மாடு வேறுபடும் இடங்களையே மரபணுக் குறிப்பான்கள் என்கிறார்கள். அவற்றைப் பார்த்து, கன்றாக இருக்கும்போதே கறியின் தன்மையைக் கணிக்கலாம். வளர்ச்சிக்கும் இப்படி உண்டு. பெல்ஜியன் ப்ளூ மாடுகளின் இரட்டைத் தசைக்கு மயோஸ்டாடின் மரபணுவின் மாற்றமே காரணம் என்று 1997இல் கண்டார்கள்.

இந்த அறிவியலில் நமக்கும் பங்கு உண்டு. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளில் ஏருக்கும் வண்டிக்கும் வளர்ந்த மாட்டை 19ஆம் நூற்றாண்டிலிருந்து பிரேசில் வாங்கிக் கொண்டுபோனது. 1960களின் தொடக்கத்திலும் காளைகள் போயின. அங்கே அதன் பெயர் 'நெலோரே'. உலகில் மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் பிரேசிலின் கறி மாட்டு மந்தைக்கு அதுவே அடித்தளம். எடை, கொழுப்பு, மென்மை என்று அளந்து அதன் மரபணுக் குறிப்பான்களைத் தேடுகிறார்கள்.

அந்த மாட்டின் சொந்த மண்ணில் கதை வேறு. 2021இல் ஒன்றிய அரசு 'இண்டிகாவ்' என்ற மரபணுச் சில்லை வெளியிட்டது. 11,496 குறிப்பான்கள். நோக்கமாகச் சொல்லப்பட்டது நாட்டு இனங்களைக் கலப்பில்லாமல் காப்பது. தூய்மை என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு உடம்பு கூசுகிறது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் படியுங்கள். அறிவியல் முறையில் கால்நடை வளர்ப்பு, இன மேம்பாடு, பசுவதைத் தடை மூன்றும் ஒரே பிரிவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1958இன் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பசுவை அறுக்கத் தடை வந்தது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கவே தடை போட, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. அதே வாரம் சென்னை ஐஐடி வளாகத்தில் மாட்டுக்கறி விருந்தில் பங்கேற்ற ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் அடிபட்டார்.

மாட்டுக்கறி உண்பதே தீண்டாமையின் வேர் என்று அம்பேத்கர் 1948இல் எழுதினார். ஆனால் மாட்டின் தோல் மட்டும் யாருக்கும் தீட்டாகவில்லை. நம் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் ஆலையால்தான். தோலை உரித்து, ஊறவைத்து, பதனிட்ட கைகள் யாருடையவை என்பது ஊருக்கே தெரியும்.

போன ஆண்டு ஒரு குடும்பத்துக்கு வாடகை வீடு தேடி அலைந்தேன். "கறி சமைக்கலாம், பீஃப் மட்டும் கூடாது" என்றார் வீட்டுக்காரர். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் பதிலில்லை. திரும்பி நடந்தோம்.

மாட்டு மரபணு ஆய்வுக்குப் போவது நம் வரிப்பணம். பாலுக்கும் தூய்மைக்கும் குறிப்பான் தேடுபவர்கள், உழைக்கும் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் புரதம் தரும் கறியையும் ஆய்வு மேசையில் வைக்க வேண்டும். இது நம் உணவு. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கைப்பட அறிந்த அறிவு. அதை வெளியே சொல்ல நாம் இனியும் கூச வேண்டாம்.