பாக்கு நீரிணையின் எல்லையும் இழுவைமடிச் சட்டமும்

சுன்னாகத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் சுன்னாகம் புகையிரத நிலையத்திலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், அது காங்கேசன்துறையைக் கடந்து ஏறக்குறைய 20 கடல் மைல் தூரத்தில் ஒரு புள்ளியை அண்மிக்கும். வட அகலக்கோடு 10 பாகை 5 கலை, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 3 கலை என்பது அதன் அடையாளம். 1974 ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் வகுத்துக்கொண்ட கடல் எல்லை அங்கேதான் தொடங்குகிறது. சுன்னாகம் சந்தைக்கு வந்து சேரும் மீனின் வரத்தும் விலையும் அந்த எல்லைக்கு இப்பால் இரவில் நடப்பவற்றோடு பிணைந்திருக்கின்றன. கச்சதீவு பற்றி மேடைகளிலே பேசப்படுவது ஏராளம். சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது எது என்பதை வாசித்தோர் குறைவு. ஆதலால் அதனை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

இக்கடலில் எல்லை பற்றிய பேச்சு 1974 இல் முளைத்ததன்று. முத்தும் சங்கும் அரச வருமானமாக இருந்த காலத்தில், 1921 ஒக்ரோபரில், இலங்கை அரசின் பிரதிநிதிகளும் சென்னை அரசின் பிரதிநிதிகளும் கொழும்பிலே கூடி ஒரு மீன்பிடிக் கோட்டை இணங்கிக்கொண்டனர். அக்கோடு கச்சதீவுக்கு மூன்று மைல் மேற்கே செல்ல வேண்டும் என்பது இணக்கம். அது முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை. அந்நாளில் கீழக்கரையிலிருந்து மன்னார் முத்துச்சலாபத்துக்கு வந்து மூழ்கிய முஸ்லிம் குளியாளருக்கு அக்கோட்டினால் பெரிய இடைஞ்சலும் இருக்கவில்லை.

1974 ஜூனில் சிறீமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, மேற்கூறிய புள்ளியிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்து எல்லையை வரைந்தது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. ஐந்தாம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயணப் பத்திரமோ விசாவோ இன்றிக் கச்சதீவுக்கு வந்து செல்லலாம் என்கிறது. ஆறாம் உறுப்புரை, இரு நாட்டுக் கலங்களும் மற்றைய நாட்டின் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. தமிழகத்தில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவன இவ்விரு உறுப்புரைகளே.

ஆனால் 1976 மார்ச் 23 ஆம் திகதி மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கப்பட்டபோது, இரு அரசுகளும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவரும் மற்றைய நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ, ஆள்புலக் கடலிலோ, பொருளாதார வலயத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தல் ஆகாது என்று அவற்றில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. இந்தத் தடை இரு தரப்புக்கும் பொதுவானது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் மேட்டில் மீன்பிடித்துவந்த இலங்கைக் கலங்கள் மூன்றாண்டு அவகாசத்தின் பின் அங்கிருந்து விலக நேர்ந்தது. இழந்தது ஒரு தரப்பு மட்டுமே என்ற கதையில் இது ஏனோ இடம்பெறுவதில்லை.

அதே ஆண்டில் இலங்கை 22 ஆம் இலக்கக் கடல் வலயங்கள் சட்டத்தை இயற்றியது. 1977 ஜனவரிப் பிரகடனத்தின் மூலம் 12 கடல் மைல் ஆள்புலக் கடலும் 200 கடல் மைல் பொருளாதார வலயமும் நிலைநாட்டப்பட்டன. பாக்கு நீரிணையிலோ 200 மைலுக்கு இடமில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 20 கடல் மைல்கூட இல்லை. எனவே இந்நீர் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொள்ளப்பட்டு, இலங்கையின் உள்ளக நீரின் பகுதியாயிற்று. இந்தியாவும் தன் பக்கத்தை அவ்வாறே வகுத்துக்கொண்டது.

இதன் விளைவு பலர் அறியாதது. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்தின் 73 ஆம் உறுப்புரை, மீன்பிடிக் குற்றத்துக்காக அந்நிய மீனவரைச் சிறையிடுவதற்கு, சம்பந்தப்பட்ட நாடுகளிடையே வேறு உடன்பாடு இருந்தாலன்றி, இடமளிப்பதில்லை. இந்திய மீனவர் கைதாகும்போதெல்லாம் இந்த உறுப்புரை நினைவூட்டப்படுகிறது. ஆனால் அது பொருளாதார வலயத்துக்கு உரியது. உள்ளக நீருக்கு உரியதன்று. அச்சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1980 இல் தாம் மறையும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

எல்லைச் சட்டம் யார் பிடிக்கலாம் என்று கூறுகிறதேயன்றி, எவ்வாறு பிடிக்கலாம் என்று கூறவில்லை. வடபுல மீனவரின் துயரம் இருப்பதோ இரண்டாவதில். இழுவைமடி என்பது இரு பலகைகளால் வாய் விரிக்கப்பட்டுக் கடலடியை உரசி இழுபடும் பைவலை. ஆழமற்ற பாக்கு விரிகுடாவில் அது கடற்புல்லையும் குஞ்சு மீனையும் வாரிச்செல்வதோடு, வழியில் விரித்திருக்கும் சிறு மீனவரின் வலையையும் அறுத்துச்செல்கிறது. ஒரே இரவில் வலை முழுவதையும் இழந்தவர், மறுவலை வாங்கக் கடன்படுகிறார்.

போர்க்காலத்தில் எமது மீனவருக்குக் கடல் மூடப்பட்டிருந்தது. 1990 இல் மயிலிட்டித் தமிழர் தம் துறைமுகத்தை இழந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலே அகதிகளாயினர். வெறுமையான அந்த நீரில் மறுகரையின் இழுவைப் படகுகள் பழகிக்கொண்டன. 2009 இன் பின் மீண்டு வந்தோர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், கண்டது அந்தப் படகுகளைத்தான்.

மயிலிட்டித் துறைமுகம் மீளக் கையளிக்கப்பட்ட 2017 ஜூலையிலேயே, எம்.ஏ.சுமந்திரனின் முன்முயற்சியால், இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்யும் 11 ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டாண்டு வரையான சிறையும் 50,000 ரூபா தண்டமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. மறு ஆண்டில் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் படகின் நீளத்துக்கேற்ப 50 இலட்சம் ரூபாவிலிருந்து 17 கோடி 50 இலட்சம் ரூபா வரை உயர்த்தப்பட்டது.

2017 இன் சட்டம் அந்நியருக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் அழுத்திக் கூற வேண்டியுள்ளது. குருநகரிலும் பேசாலையிலும் இழுவைமடியை நம்பிய எமது சொந்தக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு மாற்றுத்தொழில் காட்டாமல் தடையை மட்டும் நீட்டுவது அநீதி; அவர்களைக் கண்டும் காணாமல் விட்டு, இராமேஸ்வரத்தாரை மட்டும் பிடிப்பது சட்டத்தையே கேலிக்குள்ளாக்குவது. 2021 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி சென்றோர் கேட்டது புதிய சட்டத்தையன்று. இருக்கும் சட்டத்தின் அமுலாக்கத்தையே. மறுகரையில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்ற 2017 இல் வகுக்கப்பட்ட திட்டம் தன் இலக்குக்கு அருகேயும் வரவில்லை. இடைவெளியில் உயிர்கள் போகின்றன. 2024 ஜூனில் கைது நடவடிக்கை ஒன்றின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும், ஓகஸ்டில் நெடுந்தீவுக்கு அப்பால் படகு மோதலில் இந்திய மீனவர் ஒருவரும் இறந்தனர்.

தமிழகத்தின் பாக்கு விரிகுடாக் கரையில் இழுவைப் படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப் படகுகளுக்கு நான்கு நாட்களும் என ஒரு முறை உண்டு. அங்குள்ள சிறு மீனவரைக் காக்கவே அது ஏற்பட்டது. திங்கள், புதன், சனி ஆகியன இழுவைப் படகுகளின் நாட்கள். அந்த இரவுகளில் எமது கரையின் சிறு மீனவர் பலர் வலையைக் கரையிலேயே வைத்துவிடுகின்றனர்.