அதிகாரம் பார்த்து லைன் கொடுத்த போன்

அமெரிக்க ராணுவ அலுவலகங்களில் ஒரு காலத்தில் இருந்த சில போன்களில் எண்களுக்கு வலது பக்கம் நான்கு சிவப்பு பட்டன்கள் கூடுதலாக இருக்கும். நாம் அறிந்த பட்டன் போனில் 12, இதில் 16. மேலிருந்து கீழாக ஃபிளாஷ் ஓவர்ரைடு, ஃபிளாஷ், இமீடியட், பிரையாரிட்டி. எதையும் அழுத்தாவிட்டால் அது சாதாரண அழைப்பு.

1963-ல் தொடங்கிய ஆட்டோவான் என்ற ராணுவ போன் வலைப்பின்னலின் போன் இது. தளத்துக்குத் தளம் தனித்தனியாக இயங்கிய பிபிஎக்ஸ் என்ற உள் தொலைபேசி போர்டுகளைத் தனி எக்ஸ்சேஞ்சுகள் வழியாக இணைத்தார்கள். அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்த நேரம். அதனால் பல எக்ஸ்சேஞ்சுகள் பெருநகரங்களை விட்டு விலகி, பூமிக்கடியில் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்து எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றோடு லைன் உண்டு. ஒரு பாதை அறுந்தால் அழைப்பு இன்னொரு பாதையில் சுற்றிப் போகும்.

பாதை எத்தனை இருந்தாலும் நெருக்கடியில் எல்லாமே நிரம்பிவிடும். அப்போதுதான் சிவப்பு பட்டனுக்கு வேலை. கிடங்குக்கு என்ன சாமான் வேண்டும் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தளபதியின் ஃபிளாஷ் அழைப்பு வருகிறது. காலி லைன் இல்லை. கிடங்குக்காரர்கள் இருவர் காதிலும் ஓர் எச்சரிக்கை ஒலி. அவ்வளவுதான், பேச்சு அறுந்து, லைன் தளபதிக்குப் போய்விடும். எக்ஸ்சேஞ்சு யாரிடமும் மன்னிப்புக் கேட்காது.

இதில் கெட்டிக்காரத்தனம் வேறோர் இடத்தில் இருந்தது. பட்டன் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. எந்த லைன் எந்த முன்னுரிமைப் படி வரை போகலாம் என்ற வரம்பை எக்ஸ்சேஞ்சிலேயே பதிந்துவைத்தார்கள். உச்சப்படியான ஃபிளாஷ் ஓவர்ரைடு, ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சர், முப்படைத் தலைமை போன்ற வெகுசிலருக்கே. நம் ஊரில் டிரங்க் கால் காலத்தில் 'லைட்னிங் கால்' என்று பதிந்து, பல மடங்கு கட்டணம் கட்டினால் வரிசையில் முந்தலாம். இங்கே காசுக்குக் கிடைத்த முன்னுரிமை அங்கே பதவிக்குக் கிடைத்தது.

ஆட்டோவானின் இடத்தை 1990-களில் டிஎஸ்என் என்ற புதிய வலைப்பின்னல் பிடித்தது. ஆனால் அந்த நான்கு பட்டன்களின் ஒலிகள் ஏ, பி, சி, டி என்ற பெயரில் பட்டன் போன் தரத்தில் இன்னும் இருக்கின்றன. நான்கிலும் 1633 ஹெர்ட்ஸ் சுரம் கலந்திருக்கும். அமெச்சூர் வானொலிக்காரர்களின் கருவிகள் பலவற்றில் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம்.

முன்னுரிமைப் படிகளும் போய்விடவில்லை. ராணுவத்துக்கு விற்கும் ஐபி போன் அமைப்புகளில் நிர்வாகி அவற்றை லைன் வாரியாகக் குறித்துவைக்கிறார். தன் வரம்பை மீறி ஒருவர் டயல் செய்தால், அந்த முன்னுரிமைக்கு அவருக்கு அனுமதி இல்லை என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும்.