காற்புள்ளியும் காதும்: 1098 வரலாற்றில் அழைப்பை ஏற்பவரின் இடம்

1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணின் தோற்றத்தைப் பேசுவோர் பெரும்பாலும் டேவிட் போர்ன்ஸ்டைன் வரைந்த சித்திரத்தையே பின்பற்றுகிறார்கள். உலகை மாற்றிய சமூகத் தொழில்முனைவோரைப் பற்றி 2004இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த எண்ணுக்கென்றே ஓர் இயல் உண்டு. ஜெரூ பில்லிமோரியா அப்போது மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியராக இருந்தார். தெருவில் வாழும் குழந்தைகளுக்குத் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். இரவு நேரங்களில் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. தன் ஒருத்தியின் வீட்டு எண் செய்யும் வேலையை நகரம் முழுமைக்கும் ஒரு பொது எண் செய்யவேண்டும் என்று நினைத்தார். 1996 ஜூனில் சேவை தொடங்கியது. 1999இல் சைல்டுலைன் இந்தியா ஃபவுண்டேஷன் உருவாகி, மத்திய அரசின் துணையோடு நாடெங்கும் பரவியது. இதையெல்லாம் சாதித்தது ஒரு மனிதரின் விடாப்பிடி என்பது போர்ன்ஸ்டைனின் முடிவு.

நிகழ்ச்சிகளின் வரிசையில் எனக்கு அவரோடு பிணக்கில்லை. பில்லிமோரியாவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதும் என் நோக்கமன்று. ஆனால் ஓர் எண்ணம் எப்படிப் பரவுகிறது என்பதே போர்ன்ஸ்டைன் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் வரலாறு நிறுவனரிடம்தான் போய் நிற்கும். அழைப்பு மணி அடித்தபோது அதை எடுத்தவர் யார், எடுத்தவருக்கு என்ன செய்ய அதிகாரம் இருந்தது, அந்த அதிகாரம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அழைப்பை எடுத்தவர்களை அவர் மறந்துவிட்டார் என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் அந்த இயலில் வருகிறார்கள், ஆனால் நிறுவனரின் எண்ணம் பலித்ததற்குச் சாட்சிகளாக மட்டுமே வருகிறார்கள். என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

அவருடைய இயலின் தலைப்பே அவருக்கு எதிரான முதல் சான்று. 1098ஐ அவர் ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்று இறங்குமுகமாக எண்ணித் தலைப்பிட்டிருக்கிறார். அப்படி எண்ணியவர்கள் மும்பைத் தெருக் குழந்தைகள். எழுதத் தெரியாத பிள்ளைக்கும் இந்தியில் ‘தஸ், நௌ, ஆட்’ என்பது நாவில் நின்றது. தொலைபேசித் துறை கொடுத்தது நான்கு இலக்கங்கள். அவற்றை யாரும் மறக்கமுடியாத மூன்று சொற்களாக்கியவர்கள் அழைக்கப்போகிறவர்கள். அதைப் போலவே தொடக்க காலத்தில் தொலைபேசியின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களிலும் பலர் தெருவிலேயே வளர்ந்த இளைஞர்கள். எந்த நடைமேடையில் எந்தப் பையன் படுப்பான், எந்த டீக்கடைக்காரர் பிள்ளைகளை அண்டவிடுவார், எந்த மருத்துவமனையில் இரவில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். அழைப்பு வந்த 60 நிமிடத்துக்குள் குழந்தையைச் சென்றடைவது என்ற இலக்கு அந்த அறிவின் மேல்தான் நின்றது. நிறுவனரின் விடாப்பிடியால் எண் கிடைத்திருக்கலாம். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க அந்த விடாப்பிடி மட்டும் போதாது.

1098 லண்டன் சைல்டுலைனின் நகல் என்றொரு கருத்தும் உண்டு. இங்கிலாந்தில் 1986 அக்டோபர் 30 அன்று, பிபிசி தொகுப்பாளர் எஸ்தர் ராண்ட்ஸனின் முயற்சியால், அந்தச் சேவை தொடங்கியது. பெயர் ஒன்றுதான், ஆனால் வேலை வேறு. அங்கே குழந்தை பேசும், ஆலோசகர் கேட்பார், பேச்சே சேவை. மும்பையில் கேட்டவரே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கேட்பதும் செல்வதும் ஒரே ஆளிடம் இருந்த இந்த நிலையைச் சட்டம் எப்படிப் பார்த்தது? இதற்குச் சான்றாக நான் முன்வைப்பது ஒரே ஒரு உட்பிரிவை, அதிலும் ஒரு காற்புள்ளியை. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் யார் யார் கொண்டுவரலாம் என்று பட்டியலிடுகிறது. போலீஸ், அரசு ஊழியர், சமூகப் பணியாளர் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் குழந்தையே தானாக வரலாம் என்பதும் உண்டு. நடுவில், மூன்றாவது உட்பிரிவில், ‘சைல்டுலைன்’ என்ற சொல். அதை அடுத்து ஒரு காற்புள்ளி. அதன்பின் ‘பதிவுபெற்ற தன்னார்வ அமைப்பு’. பிறகு, மாநில அரசு அங்கீகரிக்கும் அத்தகைய பிற தன்னார்வ அமைப்பு அல்லது முகமை. ‘சைல்டுலைன்’ என்றால் என்ன என்பதற்கு அச்சட்டத்தில் விளக்கம் இல்லை.

அந்தக் காற்புள்ளியை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, முன்னுள்ள சொல்லுக்குப் பின்னுள்ளது விளக்கம் என்று கொள்வது: சைல்டுலைன் எனும் பதிவுபெற்ற தன்னார்வ அமைப்பு. இன்னொன்று, பட்டியலாகக் கொள்வது: சைல்டுலைன் ஒன்று, பதிவுபெற்ற தன்னார்வ அமைப்பு வேறொன்று. முதல் பாடத்துக்கு இரண்டு ஆதாரங்கள் சொல்லலாம். ஃபவுண்டேஷன் உருவானது சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய ஆண்டு. அடுத்து வரும் ‘அத்தகைய பிற’ என்ற தொடர், முன்னால் சொன்னதும் தன்னார்வ அமைப்பே என்று எண்ணவைக்கிறது. போர்ன்ஸ்டைனின் பார்வைக்கு இந்தப் பாடம் பொருந்தும். ஒரு நிறுவனம், அதை நிறுவிய ஒருவர், அவருக்குச் சட்டம் தந்த அங்கீகாரம் என்று எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும்.

நான் இரண்டாம் பாடத்தையே கொள்கிறேன். குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவருவோரின் பட்டியல் இது. மும்பையில் தலைமையகம் வைத்திருந்த ஃபவுண்டேஷன் எந்த ஊர்க் குழந்தையையும் கையைப் பிடித்து அழைத்துவரவில்லை. அழைத்துவந்தவர்கள் ஒவ்வொரு நகரிலும் அதனோடு கைகோத்த உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களின் ஆட்கள். ‘சைல்டுலைன்’ என்பது அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் குறிக்கும் என்று கொண்டால், மதுரையிலோ கோவையிலோ இருந்த களப்பணியாளருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. சட்டத்தின் ஒரு சொல்லைப் பயனற்றதாக்கும் பாடத்தை, வேறு வழியிருக்கும்போது, ஏற்கக் கூடாது. ஆகவே சட்டம் பெயரிட்டது ஒரு வேலையை என்றே படிக்கிறேன்: அழைப்பை ஏற்று, போய், குழந்தையைக் கூட்டிவருகிறவரின் வேலையை.

இந்த வாதத்தின் பலவீனம் எனக்குத் தெரிகிறது. சட்ட வரைவாளர்கள் காற்புள்ளியை எப்போதும் கருத்தோடு இடுவதில்லை. 2015ஆம் ஆண்டின் சட்டம் 31ஆம் பிரிவில் ‘சைல்டுலைன் சேவைகள் அல்லது’ என்று ‘அல்லது’ போட்டுப் பிரித்துவிட்டது என்பது என் பக்கம் நிற்கிறது. ஆனால் பின்வந்த சட்டம் முன்வந்த சட்டத்தின் உள்ளக்கிடக்கைக்குச் சாட்சி ஆகாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: 2000க்கும் 2015க்கும் இடையில் அமைப்பா வேலையா என்று ஐயத்துக்கு இடந்தந்த ஒரு சொல், 2015இல் ‘சேவைகள்’ என்று தெளிவாகிறது.

தெளிவாகும்போதே ஒன்று விடுபட்டும் போகிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(25)ஆம் உட்பிரிவு, முதன்முறையாக, இந்தச் சேவைக்கு இலக்கணம் சொல்கிறது. இருபத்துநான்கு மணிநேரம், அவசரம், நெருக்கடியில் இருக்கும் குழந்தையைத் தேடிச் செல்வது, உடனடி அல்லது நீண்டகாலப் பராமரிப்போடும் மறுவாழ்வோடும் இணைப்பது. நான்கும் சரி. கேட்பது மட்டும் இல்லை. தொலைபேசியை எடுத்து, மறுமுனையில் இருப்பது குழந்தையா, பக்கத்து வீட்டுக்காரரா, பயந்துபோன தாயா என்று அறிந்து, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்கிறவர் இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறார்.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் குறையன்று. விடிந்தால் கோயிலில் கல்யாணம், பெண்ணுக்குப் பதினைந்து வயது என்று பெயர் சொல்லாத ஒருவர் இரவில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இத்தகைய அழைப்பு அபூர்வமன்று. ஆலோசகர் அந்தப் பெண் படிக்கும் பள்ளியைக் கேட்கவேண்டும், ஏனென்றால் வயதுச் சான்று அங்கே இருக்கும். கோயிலின் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் கேட்கவேண்டும். அழைத்தவர் யார் என்று துருவக் கூடாது. துருவினால் அவர் வைத்துவிடுவார். பிறகு குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சேதி போகவேண்டும். திருமணம் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடப் பேச்சில் இருக்கிறது. ‘தேடிச் செல்வது’, ‘இணைப்பது’ இரண்டும் அதற்குப் பிறகுதான்.

ஆலோசகரின் வேலையை வேறொரு சட்டமும் மாற்றியது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தகவலைப் பெறுவோராக அந்தப் பிரிவு சொல்வது காவல்துறையை மட்டுமே; 1098 அங்கே இல்லை. எனவே ஆலோசகர் ‘எவரும்’ என்பதற்குள் அடங்குகிறார். ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா’ என்று தொடங்கும் பிள்ளைக்கு அந்த வாக்குறுதியை அவர் தரமுடியாது. முன்பு ஒரு வாரம் தொடர்ந்து பேசி, பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்று, அதன்பின் அடுத்த அடி எடுத்துவைக்க இடமிருந்தது. இப்போது எதை மறைக்கமுடியும், எதை மறைக்கமுடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே, பிள்ளை பயந்து வைத்துவிடாதபடி, சொல்லியாகவேண்டும். பாலுறவுக்கு இசையும் வயதை அதே சட்டம் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தியதால், காதலித்து வீட்டை விட்டு வந்த பதினேழு வயதுப் பெண்ணின் அழைப்பும் இந்தக் கட்டாயத்துக்குள் வந்துவிடுகிறது. சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. பிள்ளையின் குரலுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் நிற்கிறவருக்கு அது ஏற்றிய சுமை வரலாற்றில் பதிவாகவில்லை என்பதே என் வருத்தம்.

கேட்பவரும் செல்பவரும் வெவ்வேறு ஆட்களானது எப்போது? ஒற்றை ஆண்டைக் குறிக்க நான் துணியமாட்டேன். முதலில் ஒவ்வொரு நகரிலும் அழைப்பு உள்ளூர் அமைப்பின் மேசையிலேயே ஒலித்தது. பின்னர் மும்பை, சென்னை போன்ற பெருநகரங்களில் மையப்படுத்திய அழைப்பு மையங்கள் வந்தன. ஊர் ஊராகச் சேவை அவற்றோடு இணைக்கப்பட்டது. மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீண்டதால் ஒரே காலத்தில் இரண்டு முறைகளும் நடப்பில் இருந்திருக்கின்றன. இதனால் வந்த நன்மையை மறைக்கவேண்டியதில்லை. இரவு பகல் முறைப்பணி ஒழுங்கானது, பதிவு முறைப்பட்டது, பயிற்சி ஒரே தரமானது. ஆனால் இராமநாதபுரத்துப் பிள்ளை ‘பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி’ என்று சொன்னால், கேட்பவருக்கு அது எந்த இடம் என்று தெரியாது. ஊர்க் குழுவை அதே இணைப்பில் அழைத்துச் சேர்க்கவேண்டும். நடைமேடையை அறிந்த இளைஞரிடமிருந்து காது விலகியது இப்படித்தான்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022இல் வந்த வழிகாட்டுதல்களும் 2023இல் மாநில அரசுகளுக்குச் சேவை கைமாறியதும் இந்த விலகலின் அடுத்த கட்டம். இப்போது மாநிலக் கட்டுப்பாட்டு அறை அழைப்பை ஏற்கிறது. அவசரம் என்றால் உள்துறையின் 112 அவசர உதவி அமைப்புக்குப் போகிறது. மற்றவை மாவட்டக் குழந்தைகள் உதவி மைய அலகுக்கு. ஒரே எண்ணில் எல்லா உதவியும் விரைவாகக் கிடைக்கும் என்ற அரசின் நியாயத்தில் உண்மை இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு ஆம்புலன்சும் காவலரும் வேகமாக வருவது நல்லதுதான். இதை வெறும் அரசு கையகப்படுத்தல் என்று இகழ்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அதுவும் நிறுவனரின் கதையைத் தலைகீழாகச் சொல்வதே.

என் கவலை பேசாத அழைப்புகளைப் பற்றியது. மணி அடிக்கும், எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும், சற்று நேரத்தில் வைத்துவிடுவார்கள். சேவையின் தொடக்கத்திலிருந்தே இவை பெருமளவில் வந்துள்ளன. ‘சைலண்ட் கால்’ என்று தனி வகையாகவே பதியப்பட்டவை. அனுபவமுள்ள ஆலோசகர் இணைப்பைத் துண்டிப்பதில்லை. ‘நான் இங்கேதான் இருக்கிறேன், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசு’ என்று சொல்லிக் காத்திருப்பார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அழைக்கும்போது பிள்ளை பேசும். இந்த அழைப்பை அவசரம் என்று 112க்குத் தள்ளினால் மறுமுனையில் பிள்ளை அறியாத ஒரு குரல் முகவரி கேட்கும். அவசரமல்லாதது என்று மாவட்டத்துக்கு அனுப்பவோ பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பிரித்து அனுப்புவதையே வேலையாகக் கொண்ட அமைப்பில் காத்திருப்பதற்குக் கட்டம் கிடையாது. 2(25)ஆம் உட்பிரிவு அடுத்து திருத்தப்படும்போது, தேடிச் செல்வதற்கும் இணைப்பதற்கும் முன்னால், குழந்தை சொல்வதைக் கேட்பதும் சேவையின் பகுதி என்று சேர்க்கப்படவேண்டும். அப்போதுதான் காத்திருக்கும் ஆலோசகரின் நேரத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கும்.