பேட்டியின் டைரி

1846இல் இல்லினாயிலிருந்து விரட்டப்பட்ட மார்மன்கள் மேற்கே கிளம்பினார்கள். அவர்களில் பேட்டி செஷன்ஸ் என்ற மருத்துவச்சியும் ஒருவர். மறுவருஷம் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு மாட்டு வண்டியைத் தானே ஓட்டிப் போனார், 52 வயசில்! வழியெல்லாம் காய்ந்த காட்டெருமைச் சாணத்தில் சமையல், கூடாரத்திலும் வண்டியிலும் பிரசவம். ஆயுசில் ஏறக்குறைய 4,000 பிரசவம் பார்த்தார் என்பார்கள்.

டைரியும் எழுதினார். பிள்ளை பிறந்தால் ஒரு வரி, துணி துவைத்தால் ஒரு வரி, வரவேண்டிய காசு தனியாக. அவ்வளவுதான். ஆனால் கணவர் டேவிட் கட்டிக்கொண்ட இன்னொரு மனைவி ரோசில்லா பற்றி வரும்போது அந்தச் சிக்கனம் உடைகிறது. அவள் வேலை செய்ய மறுத்தது, சண்டை, தான் அழுதது எல்லாம் இருக்கிறது. முன்னோடிப் பெண்களுக்கு வைத்த சிலைகளைவிட எனக்கு இந்தப் பக்கங்கள்தான் நெருக்கம். அழுத மறுநாளும் யாருக்காவது வலி கண்டிருக்கும், கிளம்பியிருப்பார்.