கருங்குழியின் கணக்கும் பைட் வரிசையும்

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி, காஞ்சிபுரம் தலைமையிடமாக இருந்த 1825 முதல் 1835 வரையிலான பத்தாண்டுகள் நீங்கலாக, 1859 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. ஊர்க் கணக்கர்களின் தமிழ் எண்களும் ஆங்கிலேயர் பேரேட்டின் எண்களும் அம்மாவட்டத்தில் அருகருகே வழங்கின. முந்நூற்று அறுபத்தைந்து என்பதைப் பழைய தமிழ் முறை ௩௱௬௰௫ என எழுதும். நூற்றுக்கும் பத்துக்கும் தனிக்குறி உண்டாதலால் ஒவ்வோர் இலக்கத்தின் மதிப்பும் ஏட்டிலேயே விளங்கிவிடும். 365 என்னும்போதோ இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பாகிறது; எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற உடன்பாடு தாளில் இல்லை. செயலியின் கட்டமைப்பால் வேறுபட்ட வழங்கிகளுக்கிடையே தரவு பிறழ்வதன் வேர்களுள் ஒன்று இத்தகைய எழுதப்படாத உடன்பாடுதான்.

கணினியின் நினைவகம் பைட் எனப்படும் எட்டு பிட் அறைகளாகப் பகுக்கப்பட்டிருப்பதால், பெரிய எண்ணைப் பல அறைகளில் பிரித்தே வைக்க இயலும். 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைத்தது. 1978இல் வந்த இன்டெல் 8086 தாழ்மதிப்புப் பைட்டை முதலில் வைத்தது. முட்டையை எந்த முனையில் உடைப்பதென்று கலிவர் கதையில் பூசலிட்டோரின் பெயர்களை 1980இல் டேனி கோகன் இவ்விரு முறைகளுக்கும் சூட்ட, பெருமுனை, சிறுமுனை என்னும் வழக்கு நிலைத்தது.

தமிழ் எழுத்தும் இதற்குத் தப்பவில்லை. யுனிகோடில் ‘க’வின் எண் 2965, பதினாறு பிட் வடிவில் அது 11, 149 என்னும் இரு பைட்டுகளாகிறது. அவற்றை இடம் மாற்றிப் படிக்கும் இயந்திரத்துக்கு அது 38155, அதாவது ஒரு சீன எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் ‘கருங்குழி’ என்ற பெயரில் ஒன்பது குறிகள் உள்ளன. வரிசை புரண்டால் அவற்றுள் மூன்று சீன எழுத்துகளாகவும் ஆறு கொரிய எழுத்துகளாகவும் திரையில் தோன்றும். ஓர் ஊரின் பெயர் இவ்வாறு அடையாளமிழந்து நிற்பது வருந்தத்தக்கதே. எனினும் தரவில் ஒரு பிட்கூட அழியவில்லை என்பதால், எழுத்துருவை மாற்றுவதோ மீண்டும் தட்டச்சிடுவதோ இதற்குத் தீர்வாகாது. கோப்பின் தலையில் 65279 என்னும் வரிசைக்குறியை இடுவது ஒரு வழி. புரட்டிப் படித்தால் வரும் 65534 எந்த எழுத்துக்கும் உரியதன்று என்பதால் பிறழ்வு உடனே வெளிப்படும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8, பைட்டுகளின் வரிசையைத் தானே நிலையாக வரையறுத்து இந்த ஐயத்தையே நீக்கியது. அதில் இப்பெயர் 27 பைட்டுகள் கொள்ளும்.

எண்களில் பிழை இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. பெருமுனை வழங்கியில் நான்கு பைட்டாகச் சேமித்த 1, சிறுமுனை வழங்கியில் 1,67,77,216 ஆகிவிடும். இத்தொகை கணக்கில் காணப்பட்டால் முதலில் ஐயுற வேண்டியது பைட் வரிசையையே. ஆகவே நினைவகத்தின் வடிவை அப்படியே கோப்பாக்கி அனுப்பாமல், உரையாகவோ வரிசை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட பொது வடிவிலோ அனுப்புவது வழக்கமாயிற்று. இடமாற்றத்தைச் சோதிக்க 0 உதவாது; எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அது 0 ஆகவே நிற்கும்.