நீண்ட காரிடார் விடுதி பிறந்த கதை

இருபுறமும் வரிசையாகக் கதவுகள், நடுவே நீளமான காரிடார், கோடியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை. ஹாஸ்டல் என்றதும் பலருக்குக் கண்முன் வருவது இதுதான். ஆனால் மாணவர் விடுதி தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் நிறுவப்பட்டது. அங்கே முற்றத்தைச் சுற்றிக் கட்டடம், முற்றத்திலிருந்து தனித்தனியாகப் படிக்கட்டுகள், ஒவ்வொரு படிக்கட்டுக்கும் சில அறைகள் மட்டும். அந்தப் படியில் ஏறி இறங்குகிற சிலரே ஒருவருக்கு அண்டை அயலார். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பல நூற்றாண்டுகள் இந்த முறையையே பின்பற்றின.

வழக்கத்தை உடைத்தது 1870-இல் திறந்த கீபிள் கல்லூரி. வசதி குறைந்த பிள்ளைகளும் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த கல்லூரி அது. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் அறைகளைக் காரிடார் நெடுக வரிசையாக வைத்தார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பணியாளர்கள் கண் வைப்பது இதில் சுலபம். கேம்பிரிட்ஜுக்கு வெளியே பெண்களுக்காக 1873-இல் எழுந்த கிர்ட்டன் கல்லூரிக் கட்டடத்திலும் காரிடார்தான். ஆக, இந்த வடிவத்துக்கு வித்திட்டது கண்காணிப்பு. குடியிருப்பவருக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா இந்தக் காரிடார் வடிவத்தைப் பெருக்கியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிப் படிப்புக்குப் பணம் தந்தது. 1950-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் விடுதி கட்டக் கல்லூரிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்தது. குறைந்த செலவில் அதிகக் கட்டில் போட இந்த வடிவம் தோதாக இருந்ததால், எங்கு பார்த்தாலும் நீளமான காரிடார் விடுதிகள் முளைத்தன.

அங்கே வசிப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று 1970-களில் கூர்ந்து பார்த்தவர்கள் ஸ்டூவர்ட் வாலின்ஸ், ஆண்ட்ரூ பாம் என்ற உளவியலாளர்கள். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் ஒரே காரிடாரில் சுமார் 34 பேர், அத்தனை பேருக்கும் ஒரு குளியலறையும் ஒரு பொதுக்கூடமும். மற்றதில் இரண்டு மூன்று படுக்கையறைகள் சேர்ந்து ஒரு சூட். நான்கு முதல் ஆறு பேருக்குத் தனிக் குளியலறை, சிறு கூடம். தலைக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனாலும் காரிடார்வாசிகள்தான் நெரிசல் என்று குறைபட்டுக்கொண்டார்கள். காலையில் துண்டும் சோப்புமாகக் குளியலறைக்குப் போகிறவரால் எதிரே வருவது யார் என்று தீர்மானிக்க முடியாது. முகம் தெரியும், பெயர் தெரியாது. பேசவும் தோன்றாது, பேசாமல் போகவும் சங்கடம். இப்படி நாள் முழுக்க. இதன் தாக்கம் விடுதி வாசலோடு நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அறிமுகமில்லாத ஒருவரோடு காத்திருக்க வைத்தபோது, காரிடார் மாணவர்கள் சூட் மாணவர்களைவிடத் தள்ளி உட்கார்ந்தார்கள்; அவர் முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். என்னை மிகவும் வருத்துவது இந்த முடிவுதான். வீட்டை விட்டு முதன்முறை வந்த பிள்ளைக்கு ஒரு கட்டடம் மனிதர்களிடமிருந்து ஒதுங்கப் பழக்கிவிடுகிறது.

அதற்காக ஆளுக்கொரு தனி அறை கொடுத்து அடைத்துவிடலாம் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் திருமணமான மாணவர்கள் வாழ்ந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் ஆராய்ந்து 1950-இல் எழுதினார்கள். பக்கத்து வாசல், வந்து போகும் படிக்கட்டு, இவற்றை ஒட்டித்தான் அங்கே நட்பு வளர்ந்தது. எதிர்ப்படுவது நல்லதே. அடிக்கடி எதிர்ப்படுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சிலராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பாமும் க்ளென் டேவிஸும் செய்தே காட்டினார்கள். ஒரு கல்லூரி விடுதியில் சுமார் 40 பேர் வசித்த நீளமான காரிடாரை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மூன்று படுக்கையறைகளைப் பொதுக்கூடமாக்கி, குறுக்கே கதவுகள் வைத்தார்கள். கதவுக்குப் பூட்டுகூடக் கிடையாது. ஒரு காரிடார் இருபது இருபது பேராக இரண்டானது. சில வாரங்களில் அந்தத் தளத்தில் நெரிசல் புகார் குறைந்தது, தளத்துக்குள்ளேயே நண்பர்கள் அதிகமானார்கள். 1980-இல் முடிவுகள் வெளியாயின.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் ஹாஸ்டல்களிலும் எத்தனையோ நீளமான காரிடார்கள் இருக்கின்றன. இடித்துக் கட்டப் பணமில்லை என்று நிர்வாகம் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தளத்துக்கு மூன்று அறையும் குறுக்கே கதவும் கேட்பது இடித்துக் கட்டச் சொல்வதாகாது. சில கட்டில்களின் வாடகை குறையும். அந்த இழப்பை மாணவர் தலையில் போடாமல் கல்லூரியே ஏற்க வேண்டும்.